ஏழாவது பாட்டு, கேரட் கழுவும் கொட்டகையில்

முத்தோரைக்குக் கீழே, ராத்திரி இரண்டரை மணி.
வெண்பா சேவியரின் புதுத் தொகுப்பு
மூட்டைமேல் வைத்த ஸ்பீக்கரில் ஓடுகிறது.
முதல் ஆறும் வந்த அன்றே மனப்பாடம்.
ஏழாவதில் சொல்லே இல்லை.
நாலு நிமிஷம் பதினொரு நொடி
ஒரு கிதார்,
பின்னால் எங்கேயோ அடுத்த வீட்டில் வாசிப்பதுபோல்
ஒரு ஆர்மோனியம்.
பெயர் மட்டும் வைத்திருக்கிறாள்: ‘பதில்’.

“யாருக்குப் பதில்? நான் ஒண்ணும் கேக்கலியே”
என்றான் ஹாலன்.
தோட்டமும் மெஷினும் அவனுடையவை.
இது எடை போடாமல் வாய் தைத்த மூட்டையாம்.
“பேரு வெண்பா. வார்த்தைக்கு மட்டும் பஞ்சம்.”

புஷ்பகாந்தி அக்கா கையுறையைக் கழற்றாமலே சொன்னாள்,
அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன்,
வெளியே யாருக்கும் சொல்லவில்லை,
நமக்கு மட்டும் இப்படிச் சொல்கிறாள்.
உனக்கு எப்படித் தெரியும் என்றால்
“ஒம்பது வருஷமா கேக்குறேன். எனக்குத் தெரியாதா?”

லாரி ரபேலுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.
காலி இடம் கிடக்கிறது,
தன் சொல்லைப் போட்டுப் பாடிக்கொள்ளலாம்.
பர்லியாறு இறக்கத்தில், எதிரே பஸ் வரும்போது
அவன் போடும் சொற்களை
இங்கே எழுத முடியாது.

மோட்டார் பார்க்க வந்த ஷாநவாஸ்தான்
வம்பை இழுத்துவிட்டான்.
“ரெண்டு நிமிஷம் நாப்பதாவது நொடி. ஹெட்போன்ல கேளுங்க.
மூச்சு இழுக்கறா. பாடத்தான் இழுக்கறா.
பாடாம விட்டுடறா.”

அது ஆர்மோனியத்துத் துருத்தி என்றான் ஹாலன்.
ஆபரேஷன் முடிந்த மூச்சு என்றாள் அக்கா.
ரபேல் தன் லாரி பிரேக் என்றான்.
ஆளுக்கொரு காதில் ஹெட்போன் மாட்டினால்
மெஷின் இரைச்சலில் எவருக்கும் தீர்ப்பு கிடைக்கவில்லை.

மெஷினை நிறுத்தினோம்.
நாலு டன் மண்ணோடு காத்துக் கிடக்க,
நிறுத்தச் சொன்னவன் ஹாலனேதான்.
உருளைக்குள் கேரட்டுகள் ஒருமுறை புரண்டு
படுத்துக்கொண்டன.
கீழே ஓடை ஓடுவதே அப்போதுதான் தெரிந்தது.
உறைபனி மாதம். ஐந்து வாயிலும் புகை.
இரண்டு முப்பத்தைந்தில்
ஐந்து புகையும் நின்றுபோயிற்று.

நாற்பது வந்தது, போயிற்று.

கேட்டது என்று இருவர்.
இல்லவே இல்லை என்று இருவர்.
எனக்குத் தெரியாது. அந்த நொடியில் நான்
அக்காவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
அது எதற்கோ தயாராவதுபோல் இருந்தது.

என் வேலை மூட்டையில் மார்க்கர் பிடிப்பது.
மேட்டுப்பாளையம் மண்டிக்கு இரண்டெழுத்து, ஒரு எண்.
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்,
வெண்பாவின் பாட்டிலிருந்து ஒரு வரி.
மூன்று வருஷமாக எழுதுகிறேன்.
மண்டியில் அவிழ்த்துக் கொட்டிவிட்டுச்
சாக்கை உதறிப் போடுவார்கள், அவ்வளவுதான்.
அன்றைக்கு முப்பத்தாறாம் மூட்டை
ஏழாவது பாட்டின் முறை.
மூடியைத் திறந்தேன். மூடினேன்.
அப்படியே ஏற்றிவிட்டேன்.

மறுநாள் உச்சிப்பொழுதில் போன்.
மண்டிக் குமாஸ்தா, பெரியண்ணன்.
எடை குறைச்சல் என்றுதான் கூப்பிடுவார் எப்போதும்.
“முப்பத்தாறுல ஒண்ணுமே எழுதலியே,” என்றார்.
“மை தீந்துபோச்சா?”

கை நடுங்கியதற்குக் குளிர் காரணமில்லை.
வெயில் இருந்தது.

“இல்லண்ணே. அது ஏழாவது பாட்டு.”

அந்தப் பக்கம் தராசுத் தட்டுச் சத்தம்,
எவனோ வெங்காயத்துக்குக் கத்துகிறான்.
“அது எனக்குப் பிடிக்கல,” என்றார்.

எனக்கும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
மூச்சை இழுத்தது மட்டும்
அவருக்குக் கேட்டிருக்கும்.

“கிலோ இருபத்தெட்டு இன்னைக்கு,” என்றார்.
வைக்கவில்லை.