பன்னிரண்டாவது தவணை

ரொசாரியோவில் ஜூலை என்றால் குளிர்.
பரானா ஆற்றின் ஈரம்
தொழுகைக்கூடத்து இரும்புக் கதவில் வியர்க்கிறது.
ஒன்பது பேர் இருக்கிறோம்.
பத்தாமவர் வரும்வரை
என் கதீஷ் வாய்க்குள்ளேயே.

இசிதோரோ சோல்னிக் வந்துவிடுவார்.
பதினொரு மாதமாய் வந்துகொண்டுதான் இருக்கிறார்,
பேருந்துச் சீட்டைக் கையுறைக்குள் செருகியபடி.

தினமும் நான் சொல்வதில்
சாவு என்ற சொல்லே கிடையாது.
அப்பாவின் பெயரும் இல்லை.
வளர்க, தூயதாகுக அவன் பெரும்பெயர் என்று தொடங்கி
எல்லா வாழ்த்துக்கும் மேலே, பாட்டுக்கும் மேலே,
உலகம் சொல்லக்கூடிய எந்த ஆறுதலுக்கும் மேலே
ஏறிக்கொண்டே போகிறது.
எபிரேயம்கூட இல்லை, அரமேயம்;
ஒரு காலத்தில் வெங்காயத்துக்குப் பேரம் பேசிய மொழி.

அரைக் கதீஷ் உண்டு, தொழுகை நடுவே காற்புள்ளி மாதிரி.
முழுக் கதீஷ், கேட்டதைக் கொடு என்று கைநீட்டும்.
பாடம் முடித்தவர்கள் சொல்வதில்
ஆசிரியர்களுக்கும் அவர்களின் மாணவர்களின் மாணவர்களுக்கும் பங்கு.
குழி ஓரத்தில் சொல்வதில்தான்
மாண்டவர் எழுவார்கள்.
அன்றைக்கு எனக்கு நாக்குப் புரளவில்லை.
எழட்டும் என்று சொல்ல
மனசும் வரவில்லை.

தீயவருக்குத் தீர்ப்பு பன்னிரண்டு மாதமாம்.
அதனால் பிள்ளை பதினொன்றில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.
பெற்றவனைத் தீயவன் என்று
ஊரறியச் சொன்னதாகிவிடக் கூடாதே.

என் அப்பா பெரேட்ஸ்
தவணைக்குச் சாமான் விற்றவர்.
கட்டில், சுவர்க்கடிகாரம், தையல் இயந்திரம்.
பன்னிரண்டு தவணை.
பதினொன்று கட்டியவரிடம்கூட
பன்னிரண்டாவதை விட்டதில்லை.
நீலக் கணக்கேட்டில் பார்த்தேன்:
சோல்னிக், விதவை, தையல் இயந்திரம்.
பதினொரு கோடுகள்.
அப்புறம் ஒரே சொல்:
தூக்கியாச்சு.

இசிதோரோவுக்கு அப்போது ஏழு வயது இருக்கும்.
அவருக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.
இருந்தும், ஆமென், அவன் பெரும்பெயர் என்றென்றும் என்று
அவர் குரல் எழும்போதுதான்
ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது.

இன்று கடைசி நாள்.
மூன்றடி பின்வாங்கினேன்.
இடப்பக்கம் குனிந்து, வலப்பக்கம் குனிந்து,
அவ்வளவுதான்.

நாளைக்கும் சொல்லட்டுமா, அதுதானே நியாயம்
என்று கேட்கத்தான் வாசல்வரை அவர் பின்னால் போனேன்.
பேருந்துக்கு நேரமாச்சு என்றார்.
பிறகு படியில் நின்று,
திரும்பாமலே:
"நாளையிலிருந்து கிரிம்பெர்கின் முறை. அம்மா போயிட்டாங்க.
நீ வரலேன்னா ஒன்பதுதான்."

கணக்கேடு மேசையில் திறந்தபடி கிடக்கிறது.
அலாரத்தை
ஆறு மணிக்கு வைத்தேன்.