நீளவாட்டு மடிப்பு

ஏற்காட்டு மலை, பதினேழாவது கொண்டை ஊசி.
பஸ் சாய்ந்தபோதுதான் பார்த்தேன்:
ஏழு ஏழு ஏழு, மறுபடி ஏழு ஏழு ஏழு.
என் பத்தைப் பையில் போட்டு
அதைச் சட்டைக்குள் வைத்தேன்.
கணக்கு சரி.

செவ்வாய்ப்பேட்டையில் சுகன்ராஜ் சேட்டு
டியூப்லைட்டுக்குக் காட்டி, லென்ஸ் வைத்து,
மோந்துகூடப் பார்த்தார்.
"சலவை நோட்டுன்னா எட்டாயிரம்.
நீளமா ஒரு மடிப்பு. எவன் மடிச்சது?"

இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
இருபத்திரண்டு வருஷமாய்
விரலிடுக்கில் நோட்டுச் செருகுகிற கை.

அறுநூறு கொடுத்தார்.
லீ பஜார் முனையில் டீக்குச் சில்லறை தேடும்போது
ஆறு நூறும் நீளவாட்டில் மடிந்து
விரல்களுக்கு நடுவே நிற்கின்றன.
ஒன்றின் எண்ணையும்
நான் பார்த்திருக்கவில்லை.