படல்

ஜூலை. மாஸ்பர்னில் உறைபனி இன்னும் புல்லை விடவில்லை.
அடுப்பைப் பார்த்து நிற்கிறேன், கம்பளிச்சட்டையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு.
மர்டோ என் இடுப்பில் நான்கு பட்டைகளை ஒட்டுகிறான்,
ஆட்டின் காதில் வில்லை குத்தும் அதே கவனத்தோடு.
"சில்லென்று இருக்கா?"
"ஒட்டு."

பசை போன பட்டைகள். மாதக் கடைசிவரை இவைதான்.
விரல்நுனியில் தண்ணீர் தொட்டுத் தடவினால்
இன்னும் ஒரு வாரம் பிடிக்கும்.

இடது புட்டத்திலிருந்து சுண்டுவிரல்வரை ஒரு கம்பி.
யாரோ அதைப் பழுக்கக் காய்ச்சுகிறார்கள்,
பெரும்பாலும் இரவு இரண்டு மணிக்கு.
போர்வை பட்டால் சுடும். போர்வை இல்லாவிட்டாலும் சுடும்.
ஒரு கிடா என்னைக் கம்பத்தோடு வைத்து மோதி
ஆறு வருடம்.
ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள் இருவர்.
மூன்றாமவர் வெட்டித் தைத்தார்.
கம்பி இன்னும் சிவந்தது.

இன்வர்கார்கில்லில் லூப்பே இந்தச் சின்னப் பெட்டியைக் கையில் தந்து சொன்னாள்:
"தண்டுவடத்தில் ஒரு வாசல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.
இந்தக் குறுகுறுப்பு முந்திப் போய் அடைத்துக்கொண்டால்
வலி வெளியே நிற்கும்."

சிரித்துவிட்டேன்.
வாசலைப் பற்றி எனக்கா?
இரண்டாயிரத்து எழுநூறு ஆடுகள் முட்டிக்கொண்டு வர
எது இடம் எது வலம் என்று
கண் இமைக்குமுன் படலைத் தள்ளிப் பிரித்தவள் நான்.
ஒன்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை:
நெஞ்சால் தள்ளத் தெரிந்த ஆடு
எந்த மந்தையிலும் ஒன்று உண்டு.

திருகுகிறேன். ஒன்று, இரண்டு.
மூன்றில் எறும்புகள் வரிசை பிடிக்கின்றன.
வெளியே மின்வேலி 'டிக்' என்கிறது, நொடிக்கொரு தரம்.
உள்ளே இதுவும்.
நான் இதில் வேலியா, ஆடா
என்று யோசித்தபடி பூட்ஸை மாட்டுகிறேன்.

கடைசிப் புல்வெளியில் பேட்டரி செத்தது.
எறும்புகள் கலைந்த இடத்தில்
கம்பி மெல்ல நிறம் ஏறுவது தெரிகிறது.
அப்போதுதான் பார்த்தேன்:
பள்ளத்தில் மல்லாந்து கிடந்தது ஒரு சினையாடு,
நனைந்த ரோமத்தின் கனத்தில் புரள முடியாமல்
நான்கு கால்களும் வானத்துக்கு.

திரும்பிப் போய் மர்டோவை அழைத்திருக்கலாம்.
குனிந்தேன்.
என்ன கத்தினேன் என்று நாய் ஜிப்புக்குத்தான் தெரியும்.
புரட்டி நிறுத்தியதும் விட்டுவிடக் கூடாது;
கால் மரத்த ஆடு மறுபடி சாயும்.
அதனால் அது என் முழங்காலிலும்
நான் அதன் முதுகிலுமாக நின்றோம்,
இருவருக்கும் கால் திரும்புகிறவரை.
அதற்குத் திரும்பியது.
ஒரு நன்றியும் சொல்லாமல், பின்னால் சாணியோடு,
கோணல்மாணலாக நடந்து போனது.

இரவு. மர்டோ புது பேட்டரியை அழுத்திப் போடுகிறான்.
அவன் நோட்டில் தினமும் ஒரு கட்டம்.
"பத்துக்கு எத்தனை?"
"ஆறு."
"நேற்றும் ஆறுதானே?"
"ஆமாம். இது வேற ஆறு."
பென்சிலைப் பிடித்தபடி கொஞ்சம் பார்த்தான்.
ஆறு என்றே எழுதினான்.