தொண்ணூற்றாறு கிணறு

கிலோ இருநூறு என்றாள் நகீபா,
தெமட்டகொடை மேம்பாலத்தின் கீழே
பலாக்கொட்டைச் சாக்கைச் சாய்த்தபடி.
ஐந்து கிலோ கேட்டேன்.
"அவிக்கவா மிஸ், சுடவா?"
அரைக்க என்றேன், ஆய்வுகூடத்துக்கு.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.

மழை. தார்ப்பாய்க்குள் நாங்கள் இரண்டு பேர்.
பேச ஆள் கிடைத்தால் எனக்கு வாய் நிற்காது.
கொட்டைக்குள் ஒரு புரதம் இருக்கிறது, லெக்டின் என்று பெயர்,
சீனியைத் தடவி ஆளை அறியும்.
நம் கலங்கள் எல்லாம் மேலே
சீனிச் சங்கிலி போட்டுக்கொண்டிருக்கின்றன;
பெருங்குடலில் புற்று வைத்த கலத்துக்கு
அந்தச் சங்கிலி பாதியில் அறுந்து போகும்;
அறுந்த நுனியை இது எட்டிப் பிடிக்கும்
என்று கையை மடக்கிக் காட்டினேன்.

அவள் கை தராசில் நின்றது.
"எங்கட லாபிருக்கும் அங்கதான் ஈக்குது."
மஹரகம என்றாள்.
கொழும்பில் அது ஊரின் பெயர் இல்லை.

நாரஹேன்பிட்டி, இரண்டாம் மாடி.
உரித்து, அரைத்து, உப்புநீரில் விட்டு,
குளிரில் சுழற்றி, வடித்து, மறுபடி வடித்து,
ஐந்து கிலோவும் கடைசியில்
சுண்டுவிரல் குழாயின் அடியில் ஒரு கலங்கல்.

தட்டில் தொண்ணூற்றாறு கிணறு.
கிணறு என்றுதான் சொல்கிறோம்,
நாலைந்து மழைத்துளி ஆழம்.
அதன் தரையில் ஒட்டிக்கொண்டு,
முகம் தெரியாத ஒருத்தியின் குடலிலிருந்து
நான் பிறக்குமுன்பே வெட்டியெடுத்த கலங்கள்.
அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.
இவற்றுக்குப் போகத் தெரியவில்லை.
நோய் என்பது அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனையில் என் அறைக்கு
இரவில் கப்பல் ஊதுவது கேட்கும்.
அதுவும் கலம். சோறு போட்டுத் தின்பதும் கலம்.
படுத்துக்கொண்டு எண்ணிப் பார்க்கிறேன்
நாற்பத்தெட்டு மணித்தியாலத்தில்
எத்தனை போய்விட்டது என்று.

மூன்றாம் நாள் சாயம் விட்டோம்.
உயிருள்ளது மஞ்சளை ஊதாவாக்கும்.
செத்தது மஞ்சளை அப்படியே விட்டுவைக்கும்.
மூன்றாம் நிரலில் ஊதா வெளிறியது,
ஐந்தாவதில் இன்னும்.
ஏழாவதில், யாரோ பூசிவிட்ட மாதிரி, சுத்த மஞ்சள்.
கையுறையோடு கைதட்டினேன்.
பிறகு கீழ்வரிசையைப் பார்த்தேன்,
ஒப்பிடுவதற்காக வைத்த நல்ல கலங்கள்.
ஏழாவதில் அவையும் மஞ்சள்.

சனிக்கிழமை அவள் கேட்டாள்,
சுளைபோலத் தெளிவாக, கொட்டையைப் பார்த்துக்கொண்டு:
"பச்சையா அரைச்சுக் குடுத்தா?"
வேண்டாம் என்றேன்.
பச்சையாகத் தின்றால் வயிறு கெடும்,
அவித்தால் அதன் பிடி விட்டுப்போகும்,
கிணற்றுக்கும் குடலுக்கும் நடுவே
எத்தனை எலி, எத்தனை வருடம், எத்தனை கையெழுத்து;
ஏற்றுகிற மருந்தை மட்டும் விடவேண்டாம்.
சரியாகத்தான் சொன்னேன்,
ஒவ்வொரு சொல்லும் சரி.

"அப்ப அண்டைக்கி ஏன் மிஸ்
அவ்வளோ சந்தோஷமா சொன்னீங்க?"

குறிப்பேட்டில் அதற்கு நிரல் இல்லை.
தொகுதி ஏழு. மூலம்: தெமட்டகொடை. எடை. திகதி.
பேனா கொஞ்சநேரம் தாளில் நின்று
ஒரு புள்ளியை ஊற வைத்தது.

அதற்கு மூன்று கிழமை கழித்துப் போனேன்.
தராசுக்குப் பின்னால் ஒரு பையன்,
பாடசாலைக் காற்சட்டை, அவளுடைய அதே புருவம்.
உம்மா எங்கே என்று கேட்க வாய் வந்தது.
பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது,
கேட்கவில்லை.
கிலோ இருநூற்றைம்பது என்றான்.
ஐந்து கிலோ என்றேன்.

"அவிக்கவா, சுடவா?"

அவிக்க, என்றேன்.