அரைக்கணம் முந்தி

உள்துறைமுக வீதியில் என் கடை.
மூன்று டிவி, இரண்டு ஃபேன்,
மணிக்கு நூற்றைம்பது ரூபாய்.
சுவரில் என் கையெழுத்து:
'வாரை மணிக்கட்டில் மாட்டாமல்
யாரும் பந்து எறியக் கூடாது.'
அதற்குக் கீழே
கீறல் விழுந்த பழைய டிவி, சாட்சிக்கு.

கையை அசைத்தால் ஆடும் விளையாட்டு.
ஒரு வெள்ளைக் கட்டை.
நீங்கள் வீசினால் திரையிலும் ஒரு கை வீசும்,
ஆனால் உடனே இல்லை.
எவ்வளவு பிந்தி என்றால்
சொல்லத் தெரியாது.
எதிர்க்கரையில் ஒருவர் வள்ளத்துக்கு ஆணி அடிக்கிறார்.
சுத்தியல் இறங்கிவிடும்,
சத்தம் பிறகுதான் தண்ணீரைத் தாண்டி வரும்.
அந்த இடைவெளி பெற்ற
குட்டி என்று வையுங்கள்.

மேசைப்பந்தில் யூஜினை வெல்ல ஆளில்லை.
மா ஆலையில் மூட்டை எண்ணுகிறவன்,
சீனக்குடா பஸ்ஸில் வந்து இறங்குவான்
புருவத்தில் மாவோடு.
பந்து வலையைத் தாண்ட முதலே
அவன் மணிக்கட்டு திரும்பியிருக்கும்.
புதிதாய் வந்தவர்கள் சிரிப்பார்கள்,
இல்லாத பந்தை அடிக்கிறானே என்று.
அடி போய்ச் சேரும்போது
பந்து அங்கே நிற்கும்.
எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.
அந்தப் பிந்தலை
அவன் தோள் தானாகப் பாடமாக்கி வைத்திருந்தது.

கொழும்பிலிருந்து பர்வீஸ் போன் எடுத்தான்.
சின்னத் துண்டு ஒன்று வந்திருக்கிறதாம்,
தீப்பெட்டி அளவு,
கட்டையின் அடியில் செருகுவது.
'திருப்பினால் திருப்பினதுதான் அக்கா,
மயிரிழை பிசகாது.'
விலையைக் கேட்டேன்.
போனை வைத்தேன்.

பொறுத்தால் குறையும்:
கடை நடத்துகிறவளுக்கு வேறு வேதம் இல்லை.
ஒரு வருடம் பொறுத்தேன்.
அடுத்த வருடம் விலை இறங்கியது,
டொலர் ஏறியது.
பொறுத்தேன்.
கடைசியில் பாதி விலைக்கு நான்கு துண்டு,
இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன்.
பார்சல் ஹபரணை தாண்டியிருக்காது,
பர்வீஸ் மறுபடியும் எடுத்தான்.
'புதுக் கட்டை வரப்போகுதாம்.
அதுக்குள்ளேயே இந்தத் துண்டு இருக்காம்.'
கொஞ்ச நேரம்
இரண்டு பேரும் பேசவில்லை.
போன் காசு ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை செருகினேன்.
யூஜின் வழக்கமான இடத்தில் நின்றான்,
வழக்கம்போல் அடித்தான்.
திரைக்கை உடனே அடித்தது.
பந்து இன்னும்
வந்துகொண்டிருந்தது.

பதினொன்றுக்கு இரண்டு.
தோற்கடித்தது சஜ்லா,
அண்ணனைக் கூட்டிப்போக வந்த பன்னிரண்டு வயது,
கட்டையைத் தொட்டதே அன்றைக்குத்தான்.
பந்து வந்தது, அடித்தாள்.
அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

'இது பிழை அக்கா.'
'பிழையைத் திருத்தினது தம்பி.'
'அதைத்தான் சொல்றன்.'

மூன்றாம் டிவிக்கு
துண்டில்லாத கட்டைகள் இரண்டை ஒதுக்கினேன்.
அங்கே அவன் பழைய ராஜா.
எதிரே நிற்கத்தான் ஒருவரும் இல்லை;
ஒரு கிழமைக்குள் எல்லாருக்கும்
சொன்னதும் கேட்கிற கட்டை பழகிவிட்டது.
கடை பூட்டிய பிறகு சில நாள்
நானே நின்று பார்த்தேன்.
வெல்ல விட்டேன் என்று நினைத்திருப்பான்.
இல்லை, உண்மையாகவே தோற்றேன்,
எல்லாவற்றிலும் போலப் பிந்தி.

துண்டுகள் வந்த மட்டைப் பெட்டிகளை
வாசலில் வைத்திருந்தேன்.
பஸ் நிலையப் பக்கமிருந்து மான்கள் வந்தன,
இந்த ஊர் மான்களுக்குப் புல்லும் ஒன்று, மட்டையும் ஒன்று.
ஒரு பெட்டை மான்
பளபளப்பான எழுத்துகளை விட்டுவிட்டு
வெறும் பக்கத்தை மட்டும் மென்றது.
தெருவிளக்கு அணைந்து எரிந்தது.
அது ஓடவில்லை.

இப்போது யூஜின்
முதலாம் டிவியில் முந்தி அடிக்கிறான்,
மூன்றாம் டிவியில் பிந்தி அடிக்கிறான்.
இரண்டு கட்டைக்கும் நடுவில் எங்கேயோ
நிற்கிறது அவன் தோள்.
நேற்றுக் காசு தரும்போது கேட்டான்,
'புதுசு எப்ப எடுப்பீங்க?'
மீதிச் சில்லறையை எண்ணினேன்,
அவன் கை
நான் எண்ணி முடிக்க முதலே நீண்டிருந்தது.
'பொறு,' என்றேன். 'குறையும்.'