பதினைந்தாவது சொல்

கிளிநொச்சி நீதிமன்றில் நான் சத்தியம் செய்தது
எதையும் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று.
சாட்சி இருமினால் இருமலை விட்டுவிடலாம்.
ஐயோவை விடக்கூடாது.

மகனின் அறிக்கை கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் வந்தது.
வாட்டில் டொக்டர் அதைச் சிங்களத்தில் சொன்னா.
நான் தமிழாக்கிப்
பக்கத்தில் நின்ற நேசரூபனுக்குச் சொல்லவேண்டும்.
பன்னிரண்டு வருசத்தில் முதல் தடவை
என் தொழிலில் எனக்கு நாக்கு இடறியது.

எழுத்து நாலே நாலுதான், என்றா டொக்டர்.
மூன்று சேர்ந்தால் ஒரு சொல்.
அறுபத்தொரு சொல்லுக்கு இருபது பொருள்.
மிச்சம் மூன்றுக்கும் ஒரே வேலை: நிறுத்து.
வாசிக்கிற பொறிக்கு மொழி தெரியாது,
நாடாவில் மும்மூன்று எழுத்தாய் நகரும், அவ்வளவுதான்.
மொழி தெரிந்தது சுமைகாரருக்கு.
ஒரு நுனியில் மூன்றெழுத்து,
மறு நுனியில் அதற்குரிய மணி.
எழுத்துப் பொருந்தினால் இறக்கிவிட்டுப் போவார்கள்.
மணியோடு மணி கோத்து
நூற்று நாற்பத்தாறில் முடியவேண்டும் ஒரு சரம்,
மூச்சைக் காவுகிற சிவப்பில் பாதி.

சில பொருளுக்குச் சொல் தாராளம்.
லூசினுக்கு ஆறு,
நீர், தண்ணி, புனல் என்று நாங்கள் வைத்திருப்பதுபோல்.
கடைசி எழுத்துப் பிசகினாலும் மன்னித்துவிடும்.
பதினைந்தாவது இடத்தில் இருக்கவேண்டியது டிரிப்டோஃபான்.
அதற்கு ஒரே ஒரு சொல். யூ ஜீ ஜீ.
மாற்றுச்சொல் கிடையாது.
எங்கள் பிள்ளையில் அது யூ ஏ ஜீ.

"நவத்தன்ன" என்றா டொக்டர், கையையும் நீட்டி.
நான் படித்த முதல் சிங்களச் சொல் அது.
ஓமந்தையில், பதினெட்டு வயதில்,
சைக்கிளின் முன்சில்லு மணல்மூட்டையில் முட்ட.
அகராதியில்லாமல் விளங்கிய சொல்.

நேசரூபனுக்குச் சொன்னேன்:
"பதினாலு சொல்லோட வசனம் நிண்டுபோகுதாம்.
உங்களிட்டயிருந்து ஒண்டு, என்னட்டயிருந்து ஒண்டு."
கூட்டவில்லை. குறைக்கவில்லை.
அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.

முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிறவர்.
பகலெல்லாம் மண்ணில் இரும்பு தேடுகிறார்.
இரவில் பிள்ளையின் வயிற்றில் ஊசி ஏற்றிப்
பம்பை முடுக்கிவிடுகிறார்,
ஊரார் இரத்தம் கொண்டுவந்து சேர்த்த இரும்பைச்
சொட்டுச் சொட்டாய்க் கழுவ.
மாதம் ஒரு பை. பையில் இலக்கம் உண்டு, பெயர் இல்லை.
யாரோ ஒருவரின் முடிந்த வசனங்கள்
நாலு கிழமைக்குத் தாங்கும்.

நேற்று சாருகேசன் கேட்டான்,
"பதினாறாவது சொல் என்ன அம்மா?"
தேடிப் பார்த்தேன். கிளைசின். ஜீ ஜீ சீ.
அவனிலும் அது அப்படியேதான் இருக்கிறது,
பதினேழும், பதினெட்டும், கடைசிவரைக்கும்,
ஒரு எழுத்தும் பழுதில்லாமல்.

"பிறகேன் வாசிக்கேல்லை?"

எனக்குச் சொல் வரமுதல் நேசரூபன் சொன்னார்:
"சிவப்பு நாடாவுக்கு அங்கால
தேங்காய் விழுந்து, முளைச்சும் நிக்குது மகன்.
நாங்கள் இன்னும் அங்க போகேல்லை."