இரண்டு கோடு

எங்கள் டிவிஷனில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றுதான்:
தண்ணித் தாங்கிக்குப் பின்னால்,
சவுக்கு மரத்துக்கும் வேலிக்கம்பிக்கும் நடுவில்
ஒரு பாய் விரிக்கிற அளவு.
அங்கே நின்றால் இரண்டு கோடு.
கையைத் தூக்கினால் சில நாள் மூன்று.

வியாழன் ஐந்தரைக்கு
கண்டியிலிருந்து பஸீஹா மிஸ் எடுப்பார்.
கண் கிளினிக் முடிந்து, பஸ்ஸுக்கு முன்னால்
எனக்கென்று இருபது நிமிசம்.
அன்றைக்குக் கொழுந்து நிறுத்ததும்
கறை பிடித்த விரலைக்கூடக் கழுவாமல்
பிள்ளை மடுவத்தில் யதுர்ஷனை வாங்கி
இடுப்பில் வைத்துக்கொண்டு மேடு ஏறுவேன்.
ரெண்டு வயசும் நாலு மாசமும்.
விளக்கைக் காட்டினால் சிரிக்க மாட்டான்.
தீப்பெட்டியைக் குலுக்கினால் சிரிப்பான்.

முதல் வியாழன் மிஸ் கேட்டது இதுதான்:
"வீட்டுக்குள்ள இடது பக்கம் என்ன சத்தம் வருது?"
எட்டு வருசமாக் குடியிருக்கிற ஒற்றைக் காம்பரா.
எனக்குத் தெரியவில்லை.
"அப்ப கண்ணைக் கட்டிக்கிட்டுத் தவழ்ந்து பாருங்க,
அவன் உயரத்துல."

கதவைச் சாத்திக்கொண்டு தலைத்துண்டால் கட்டினேன்.
இடது பக்கம் அடுத்த வீட்டு ரேடியோ.
வலது பக்கம் அடுப்பு,
அதைக் கன்னம்தான் முதலில் கண்டுபிடித்தது.
தகரத்தில் ஒழுகி வாளிக்குள் விழுகிற சொட்டு
வாளி நிறைய நிறைய வேறு குரலில் பேசியது.
நிலைப்படியில் நெற்றி மோதியது.
மறுநாள் மலையில் கங்காணி,
"ஆரு அடிச்சது?"
நிலைப்படி என்றேன். நம்பவில்லை.
இவர் கொழும்பில் மூட்டை தூக்குகிறவர்,
தீபாவளிக்குத்தான் வருவார் என்று
கங்காணிக்கும் தெரியும்.

திடீரெனத் தூக்காதீங்க, முதல்ல உங்க பேரைச் சொல்லுங்க.
சோறு ஊட்டுறதுக்கு முன்னாடி
கரண்டியை அவன் கையில குடுங்க.
'பாவம்' என்கிறவங்ககிட்ட அவன் பேரைச் சொல்லுங்க.
இதையெல்லாம் எழுதிவைக்க எனக்கு வராது.
மிஸ் சொல்லச் சொல்ல
வேலிக்கம்பியின் முள்ளைத் தொட்டுத் தொட்டு
ஞாபகம் வைப்பேன்.

ஐப்பசி மழையில் ஒரு வியாழன் கேட்டுவிட்டேன்.
"மிஸ், பார்வை வருமா?"

பூசாரி வரும் என்றார்.
மாமியார் வரும் என்றார்.
மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர்
ரெண்டு தரம் சாத்தியாயிற்று.
ரெண்டாவதுக்கு அடகு வைத்த தோடு
இன்னும் மீளவில்லை.

கோடு ஒன்றாகி, கரகரத்து,
திரும்ப இரண்டானது.
"வராது, தங்கேஸ்."

அழுதேன். மிஸ் வைக்கவில்லை.
அந்தப் பக்கம் ஒரு பஸ் வந்து நிற்பதும்
'அக்குறண, அக்குறண' என்று கொண்டக்டர் கூப்பிடுவதும்
பிறகு அது போய்விட்டதும் கேட்டது.
மிஸ்ஸின் மூச்சு மட்டும்
அங்கேயே நின்றது.

அன்று ராத்திரி தூங்கினேன்.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
வரும் வரும் என்று ரெண்டு வருசமாக
வாசலைத் திறந்துவைத்திருந்த ஒருத்திக்கு
கதவைச் சாத்தலாம் என்று யாரோ சொன்ன மாதிரி.

மிஸ் எங்கள் லயத்தைப் பார்த்ததே இல்லை.
என் முகம் தெரியாது.
போன மாசம் பேச்சுக்கு நடுவில்,
"தாங்கியில தண்ணி குறைஞ்சிருச்சா?
உங்க குரல் வேற மாதிரி முட்டி வருது"
என்றார்.
எட்டிப் பார்த்தேன். முழங்கால் அளவுதான்.

இந்த வியாழன்
அவன் காதில் வைத்தேன் போனை.
"யது, எங்க இருக்கீங்க?"
பேசவில்லை.
சட்டைப் பையைத் துழாவி
தீப்பெட்டியை எடுத்துக் குலுக்கினான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.
அப்புறம் கண்டியில்
ஒரு சாவிக்கொத்து குலுங்கியது.

அவன் குலுக்க, அவர் குலுக்க,
பஸ் வருகிற வரைக்கும்
நான் நடுவில் பேசவில்லை.